வடை சுட்ட எண்ணெயில் வண்டி ஓடும்!

ஆனால் துணியில் வடிகட்டினால் மட்டும் போதாது

பெரம்பலூர் நான்கு ரோட்டில் மாலை 4 மணி ஆகிவிட்டால் போதும். பலகாரக் கடை அடுப்புகள் மூண்டுவிடும். வடை, பஜ்ஜி, போண்டா என்று ஒன்றன் பின் ஒன்றாகச் சட்டியில் விழும். சென்னைக்கும் திருச்சிக்கும் போகிற வண்டிகள் நின்று போகும் ஊர் அல்லவா? சட்டி ஆறுவதே இல்லை.

அங்கிருந்து கிழக்கே அரியலூருக்குப் போனால் வேறு காட்சி. அது சிமெண்டு ஆலைகள் நிறைந்த வட்டாரம். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகின்றன. லாரி ஓட ஓட, அதன் என்ஜின் எண்ணெயை மாற்ற வேண்டும். பட்டறையில் லாரிக்கு அடியில் தட்டை வைத்துத் திருகைக் கழற்றினால், பழைய எண்ணெய் கன்னங்கரேலென்று கொட்டும்.

வடைச் சட்டியில் மிஞ்சுவதும் எண்ணெய். லாரியின் வயிற்றிலிருந்து வடிவதும் எண்ணெய். இரண்டும் கறுப்பு. இரண்டும் எரியும்!

"எரிகிற பொருளை ஏன் வீணாக்க வேண்டும்? வடிகட்டி அடுப்புக்கோ, விளக்குக்கோ, வண்டிக்கோ ஊற்றினால் என்ன?" என்று பலர் கேட்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். எண்ணெய் விற்கிற விலையில் யாருக்கும் இந்த யோசனை வரும். பழைய எண்ணெயைச் சுத்தம் செய்ய வீட்டு முறைகள் பல உண்டு. அவற்றில் எது பலன் தரும்? எது ஆபத்து?

ஐந்து வீட்டு முறைகள்

முதல் முறை, தெளிய வைப்பது. எண்ணெயை ஆற வைத்து, உயரமான பாத்திரத்தில் ஊற்றி, அசையாமல் இரண்டு மூன்று நாள் வைக்கிறார்கள். கருகிய மாவும் தூளும் கீழே மண்டியாகப் படிந்துவிடும். மேலே தெளிந்ததை மட்டும் மெல்ல இறுத்துக்கொள்ளலாம். செலவு இல்லாத முறை இது.

இரண்டாவது, துணியில் வடிப்பது. வெள்ளைத் துணியை நாலாக மடித்து, அதில் எண்ணெயை ஊற்றி வடிக்கிறார்கள். தெளிய வைத்த பிறகு வடித்தால் துணி அடைத்துக்கொள்ளாது.

மூன்றாவது, நீரில் கழுவுவது. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆறிய எண்ணெயில் இளஞ்சூடான தண்ணீரைச் சேர்த்து மெல்லக் கிளறி, ஒரு நாள் வைத்தால் தண்ணீர் அடியில் போய்விடும். உப்பும், தண்ணீரில் கரையும் மற்றப் பொருள்களும் அதோடு போய்விடும்.

நான்காவது, மாவு முறை. பெரம்பலூர்ச் சீமையில் மக்காச்சோளம் நிறைய விளைகிறது. அந்தச் சோள மாவைத் தண்ணீரில் கரைத்து, ஆறிய எண்ணெயில் ஊற்றி, சிறு தீயில் கொதிக்காமல் கிளறினால், மாவு கூழாகத் திரளும். எண்ணெயில் மிதக்கும் தூள்களை அது தன்னோடு பிடித்துக்கொள்ளும். பிறகு கூழை எடுத்துவிடலாம்.

ஐந்தாவது, கரி அல்லது களிமண் முறை. சில வகைக் கரித்தூளும் களிமண்ணும் எண்ணெயின் நிறத்தையும் வாடையையும் உறிஞ்சிவிடும். கறுத்த எண்ணெய் வெளுத்துவிடும்!

இந்த ஐந்தும் பொய்யல்ல. ஆனால் இவற்றைச் செய்யும்போது ஒரு பெரிய ஆபத்து காத்திருக்கிறது.

தண்ணீர் செய்யும் கோளாறு

கழுவிய எண்ணெயில் கொஞ்சம் தண்ணீர் தங்கிவிடும். அதைப் போக்க எண்ணெயை அடுப்பில் ஏற்றுவார்கள். அங்கேதான் விபத்து!

தண்ணீர் கனமானது. அது சட்டியின் அடியில் கிடக்கும். எண்ணெய் சூடேறியதும் அந்தத் தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 லிட்டர் இடம் வேண்டும். அடியில் கிளம்பும் ஆவி, மேலே இருக்கும் எண்ணெயைத் தூக்கி அடிக்கும். பொங்கி வழிந்த எண்ணெய் தீயில் விழுந்தால் சமையல் கட்டே பற்றிக்கொள்ளும்.

சட்டியில் தீப்பிடித்தால் ஒருநாளும் தண்ணீர் ஊற்றக் கூடாது. அடுப்பை அணைத்து, தட்டை வைத்து மூடிவிட வேண்டும். காற்று இல்லாவிட்டால் தீ அணைந்துவிடும். இதை வீட்டில் உள்ள எல்லோரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

துணியில் நிற்காத அழுக்கு

சரி, விபத்து இல்லாமல் வடித்தாகிவிட்டது. எண்ணெய் தெளிவாக இருக்கிறது. மறுபடி வடை சுடலாமா?

கூடாது!

வடைச் சட்டியில் எண்ணெய் சுமார் 180 டிகிரி வரை காய்கிறது. அந்தச் சூட்டில் காற்றும், மாவில் உள்ள ஈரமும் சேர்ந்து எண்ணெயின் அணுக்கூட்டங்களையே உடைக்கின்றன. உடைந்தவை மறுபடி ஒன்றோடு ஒன்று ஒட்டிப் புதுப் பொருள்களாகின்றன. எண்ணெய் பிசுபிசுப்பாவதும், நுரைப்பதும், சீக்கிரமே புகைவதும் இதனால்தான்.

இந்தப் புதுப் பொருள்கள் தூள் அல்ல. எண்ணெயோடு எண்ணெயாகக் கரைந்து நிற்பவை. துணியில் தங்காது. மண்டியாகவும் படியாது.

அப்படியானால், துணி எடுப்பது மாவுத் தூளை மட்டுமே. எண்ணெய் கெட்டது கெட்டதுதான்.

வெளுத்த எண்ணெய் இன்னும் மோசம். கறுப்பாக இருந்தால் "இது பழைய எண்ணெய்" என்று கண் சொல்லும். நிறத்தை எடுத்துவிட்டால் அந்த எச்சரிக்கையும் போய்விடுகிறது.

இப்படித் திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயைத் தின்றால் ரத்தக் கொதிப்பு, ரத்தக் குழாய் அடைப்பு, ஈரல் நோய் ஆகியவை வரக்கூடும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் எச்சரிக்கிறது. கெட்டுப்போன பொருள்கள் நூற்றுக்கு 25 பங்கைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 1-7-2018 முதல் நடப்பில் இருக்கிறது.

பெரிய கடைகளில் கழிந்த எண்ணெய் மலிவு விலைக்குச் சிறு கடைகளுக்குப் போவதும் உண்டு. அங்கே பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் பஜ்ஜி வாங்கித் தின்பார்கள். அதைத் தடுக்க வேண்டுமானால், அந்த எண்ணெய்க்கு வேறு நல்ல வழி இருக்க வேண்டும்.

அந்த வழி இருக்கிறது!

கடலை எண்ணெயில் ஓடிய என்ஜின்

1900-ம் ஆண்டு. பிரான்சு நாட்டின் தலைநகரான பாரீசில் ஒரு பெரிய பொருட்காட்சி நடந்தது. அங்கே ஒரு சிறிய என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு ஊற்றியது என்ன தெரியுமா? நிலக்கடலை எண்ணெய்!

அந்த வகை என்ஜினைக் கண்டுபிடித்தவர் ருடால்ப் டீசல் என்ற ஜெர்மானியர். இன்று லாரிக்கும் பஸ்சுக்கும் ஊற்றுகிற டீசலுக்கு அவர் பெயர்தான். பெட்ரோலிய எண்ணெய்க்காக அமைத்த அந்த என்ஜின், ஒரு மாற்றமும் செய்யாமலே கடலை எண்ணெயிலும் ஓடியது என்று அவரே பின்னாளில் சொன்னார்.

அப்படியானால் வடித்த வடை எண்ணெயை நேராக டிராக்டருக்கு ஊற்றலாமா?

ஊற்றக் கூடாது. சமையல் எண்ணெய் டீசலைவிடச் சுமார் பத்து மடங்கு கெட்டியானது. இந்தக் கால என்ஜின்களில் எண்ணெய் மெல்லிய துளை வழியாகப் பனிபோல் சிதறி விழ வேண்டும். கெட்டி எண்ணெய் சிதறாது. அரைகுறையாக எரிந்து கரி கட்டும். துளை அடைபடும். முதல் நாள் ஓடும் என்ஜின் கொஞ்ச நாளில் படுத்துவிடும். மிச்சம் பிடித்த பணம் பட்டறைக்குப் போய்விடும்!

கெட்டி எண்ணெயை நீர்க்கச் செய்ய ஒரு வழி உண்டு. எண்ணெயோடு மெத்தனால் என்ற திரவத்தையும், கொஞ்சம் காஸ்டிக் சோடாவையும் சேர்த்து இளஞ்சூட்டில் கலக்க வேண்டும். எண்ணெய் இரண்டாகப் பிரியும். மேலே நிற்பது பயோடீசல். கீழே தங்குவது கிளிசரின். 100 கிலோ எண்ணெய்க்குச் சுமார் 10 கிலோ மெத்தனால் செலவாகும். சுமார் 100 கிலோ பயோடீசலும், 10 கிலோ கிளிசரினும் கிடைக்கும். வடை சுடும்போது எண்ணெய் கெட்டுப்போனது இதற்குப் பெரிய தடை இல்லை. வயிற்றுக்கு ஆகாதது வண்டிக்கு ஆகும்!

வீட்டில் செய்யலாமா?

"இவ்வளவு சுலபமா? வீட்டிலேயே செய்யலாமே!" என்று சிலர் கிளம்பிவிடுகிறார்கள்.

வேண்டவே வேண்டாம்.

மெத்தனால் கொடிய விஷம். 2024-ம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்த விஷச் சாராயத்தில் இருந்தது இந்த மெத்தனால்தான். கொஞ்சம் உள்ளே போனாலும் கண் போகும். கூடினால் உயிர் போகும். அதன் ஆவியைச் சுவாசிப்பதும், அது தோலில் படுவதும் கெடுதல். அது பற்றிக்கொண்டால் பகல் வெளிச்சத்தில் தீ கண்ணுக்கே சரியாகத் தெரியாது.

காஸ்டிக் சோடா தோலையும் கண்ணையும் வேகவைத்துவிடும். பிள்ளைகள் நடமாடும் வீட்டில் இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு எண்ணெயைச் சூடாக்குவது தற்கொலைக்குச் சமம். இது தொழிற்சாலையில், பயிற்சி பெற்றவர்கள் செய்ய வேண்டிய வேலை.

ஆகாய விமானமும் பறந்தது!

அந்தத் தொழிற்சாலைகளுக்கு எண்ணெய் போய்ச் சேருவது எப்படி?

10-8-2018 அன்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 'ரூகோ' என்ற திட்டத்தைத் தொடங்கியது. சமைத்து மீந்த எண்ணெயைச் சேகரித்து எரிபொருள் ஆக்குவதே இதன் நோக்கம். நாள் ஒன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவாகும் கடைகள், கழிந்த எண்ணெய்க்குக் கணக்கு வைக்க வேண்டும். அதை அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளர்களிடமே கொடுக்க வேண்டும். இந்த விதி 1-3-2019 முதல் வந்தது.

அதே 2019-ம் ஆண்டில், அரசாங்க எண்ணெய் கம்பெனிகள் மூன்றும் இந்தப் பயோடீசலை வாங்க முன்வந்தன. முதல் வருடத்துக்கு லிட்டர் 51 ரூபாய் என்று விலையும் அறிவித்தார்கள். 2030-ம் ஆண்டுக்குள் டீசலில் நூற்றுக்கு 5 பங்கு பயோடீசல் கலக்க வேண்டும் என்பது 2018-ல் வந்த தேசிய உயிரி எரிபொருள் கொள்கையின் குறி.

பழைய எண்ணெய் தரையில் ஓடும் வண்டியோடு நின்றுவிடவில்லை. 28-11-2023 அன்று லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு ஓர் ஆகாய விமானம் அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் பறந்தது. அதில் ஊற்றியது வழக்கமான விமான எண்ணெய் அல்ல. பெரும் பங்கு, கழிவு எண்ணெயிலிருந்தும் கொழுப்பிலிருந்தும் செய்த எரிபொருள்!

பஜ்ஜிச் சட்டியில் மிஞ்சுகிற எண்ணெய்க்கு எவ்வளவு பெரிய வாழ்வு பாருங்கள்.

லாரி எண்ணெயின் கதை வேறு

இப்போது அரியலூர் லாரிக்கு வருவோம்.

என்ஜின் எண்ணெய் எரிவதற்காக ஊற்றுவது அல்ல. உள்ளே இரும்போடு இரும்பு உரசாமல் வழுக்கிப் போவதற்காக ஊற்றுவது. ஓட ஓட அதில் கரிப்புகை சேருகிறது. தேய்ந்த இரும்பு, செம்பு, ஈயம் போன்ற உலோகத் தூள் சேருகிறது. புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களும் சேருகின்றன.

இங்கே ஒரு விசித்திரம். சமையல் எண்ணெய் வடித்தால் தெளிவாகத் தெரியும். ஆனால் உள்ளுக்குள் கெட்டுப்போயிருக்கும். லாரி எண்ணெய் பார்க்கக் கறுப்பு. ஆனால் மூல எண்ணெய் பெரும்பாலும் கெடுவதில்லை. அதில் அழுக்குதான் ஏறியிருக்கிறது. அந்த அழுக்கோ துணியில் நிற்காத அளவுக்கு நுண்ணியது.

அந்தக் காலத்தில் கந்தக அமிலத்தையும் களிமண்ணையும் போட்டு இதைச் சுத்தம் செய்தார்கள். எண்ணெய் தெளிந்தது. ஆனால் அமிலம் கலந்த கரும் சேறு மிஞ்சியது. அதைக் கொட்டிய இடம் பாழானது. இப்போது காற்றை உறிஞ்சி எடுத்த பாத்திரத்தில் எண்ணெயைக் காய்ச்சி, ஆவியாக்கி, மறுபடி குளிர வைத்துச் சுத்தம் செய்கிறார்கள். மறுபடியும் அது என்ஜின் எண்ணெயாகிவிடும்.

பட்டறை எண்ணெயை அரசாங்க அங்கீகாரம் பெற்ற இந்த ஆலைகளுக்குத்தான் கொடுக்க வேண்டும். 2016-ம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகள் அப்படித்தான் சொல்கின்றன.

அதை அடுப்பில் சொட்டுச் சொட்டாக விட்டு எரித்தால், உலோகமெல்லாம் புகையோடு கிளம்பும். பக்கத்தில் நிற்பவர் நெஞ்சுக்குள் போகும். தரையில் கொட்டினால் கிணற்றுக்குப் போகும். ஒரு காலன் என்ஜின் எண்ணெய் 10 லட்சம் காலன் குடிநீரைக் கெடுக்கும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறை சொல்கிறது.

எண்ணெய் துடைத்த துணி, எண்ணெய்ச் சேறு போன்றவற்றுக்கு என்ன வழி? அதற்கு அரியலூரே பதில் சொல்லக்கூடிய ஊர்! சிமெண்டுச் சூளைக்குள் சுண்ணாம்புக்கல் கலவை சுமார் 1,450 டிகிரி வரை சூடாகிறது. அந்த வெப்பத்தில் எண்ணெய்க் கழிவு முற்றிலும் எரிந்துபோகும். சாம்பல்கூட சிமெண்டோடு சேர்ந்துவிடும். மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்று இப்படி எரிக்க விதிகள் இடம் தருகின்றன. அந்தச் சூளையில் முடிகிற காரியம் தேநீர்க் கடை அடுப்பில் முடியாது.

மலையகப் பெண்களுக்கு நேர்ந்தது

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அது, இரண்டு எண்ணெயும் கலப்பது.

இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. பெண் பெரியவளானதும் நல்லெண்ணெயும் பச்சை முட்டையும் கொடுப்பார்கள். உடம்புக்குத் தெம்பு என்று நம் ஊர்த் தாய்மார்களும் கொடுப்பதுதான்.

1977, 78-ம் ஆண்டுகளில் அப்படி எண்ணெய் குடித்த சுமார் 20 இளம்பெண்களுக்குக் கால் துவண்டது. கையிலும் பலம் குறைந்தது. டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். நல்லெண்ணெயில் டிரை கிரெசில் பாஸ்பேட் என்ற விஷம் இருந்தது! சில வகை இயந்திர எண்ணெய்களில் சேர்க்கும் பொருள் அது. நரம்புகளைத் தாக்கக் கூடியது.

அது எப்படி வந்தது? இயந்திர எண்ணெய் வைத்திருந்த பாத்திரத்தில் நல்லெண்ணெயைக் கொண்டுபோனதால் கலந்திருக்கலாம் என்று டாக்டர்கள் கருதினார்கள். 1981-ல் 'லான்செட்' என்ற புகழ்பெற்ற மருத்துவப் பத்திரிகையில் இந்த விவரம் வெளிவந்தது.

பெற்ற தாய், மகள் நன்றாக இருக்க வேண்டும் என்று ஆசையோடு ஊற்றிக்கொடுத்த எண்ணெய் அது!

ஆப்பிரிக்காவில் உள்ள மொராக்கோ நாட்டில் 1959-ல் இதைவிடப் பெரிய கொடுமை நடந்தது. விமான என்ஜினுக்கு ஊற்றும் எண்ணெயைச் சமையல் எண்ணெயில் கலந்து விற்றுவிட்டார்கள். சுமார் 10,000 பேருக்கு வாத நோய் கண்டது.

பீப்பாயைக் கழுவினாலும் எண்ணெய் முழுதாகப் போகாது. மிஞ்சிய கொஞ்சமே போதும். ஆகவே, இயந்திர எண்ணெய் இருந்த டின்னிலோ, பீப்பாயிலோ ஒருநாளும் சமையல் எண்ணெயை ஊற்றக் கூடாது. பழைய சமையல் எண்ணெயைச் சேர்க்கும் டின்னில் பட்டறை எண்ணெயையும் விடக் கூடாது. விட்டால் பயோடீசலுக்கும் ஆகாது.

வீட்டில் என்ன செய்யலாம்?

தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் சுட்ட பிறகு, வாணலியில் அரை லிட்டர் எண்ணெய் நிற்கும். அதை என்ன செய்வது?

முதலில், வாணலியில் அளவாக ஊற்றுங்கள். குறைவாக ஊற்றினால் குறைவாகத்தான் மீறும்.

ஒரு தடவை காய்ந்த எண்ணெயை ஆற வைத்து, தெளிய வைத்து, துணியில் வடித்துக்கொள்ளுங்கள். இரண்டொரு நாளில் குழம்புக்கும் பொரியலுக்கும் தாளிக்க அதைச் செலவழிக்கலாம். மறுபடி பலகாரம் சுட வேண்டாம். மாதக் கணக்கில் பாட்டிலில் வைக்கவும் வேண்டாம்.

நீலம் பாரித்த புகை வந்தாலோ, நுரை அடங்காமல் நின்றாலோ, நிறம் கறுத்துக் கெட்டியானாலோ, அந்த எண்ணெயை அடுப்படியிலிருந்து வெளியேற்றிவிடுங்கள். வடிகட்டினால் வாசலில் வைக்கும் அகல் விளக்குக்கு ஆகும். மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். அதன் குழாய்க்குள் சமையல் எண்ணெய் சரியாக ஆவியாகாது. அடைத்துக்கொள்ளும், தீ குபீரென்று கிளம்பும்.

சாக்கடைத் தொட்டியில் கொட்டினால் குழாய் அடைக்கும். மிகக் கொஞ்சமாக இருந்தால் மணலிலோ மரத்தூளிலோ பழைய காகிதத்திலோ ஊறவிட்டுக் குப்பையில் சேர்த்துவிடலாம்.

தெருவில் நாலு வீட்டார் சேர்ந்து ஒரு டின்னில் சேர்த்தால் நல்ல அளவு சேரும். அதை எடுத்துப்போகும் சேகரிப்பாளர் யார் என்று மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்கலாம். பெரம்பலூரிலும் அரியலூரிலும் அந்த அலுவலகம் உண்டு. சிறு பலகாரக் கடைக்காரர்களும் அங்கே கேட்கலாம். கழிந்த எண்ணெய்க்குப் பணமும் வரும். வாங்கித் தின்னும் பிள்ளைகளுக்கும் கேடு வராது.

அந்த டின்னின் மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்: "பழைய எண்ணெய். சமையலுக்கு அல்ல."

இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்ற பாட்டியும் அதைப் படித்துவிடலாம். அந்த நாலு சொல் ஒரு குடும்பத்தையே காப்பாற்றும்!